குழந்தைக்குத் தொட்டில் வாங்கப் போகிறீர்களா? விலையைப் பார்க்கும் முன் இவற்றைப் பாருங்கள்

ஈஸா (அலை) அவர்கள் தொட்டில் பருவத்தில் மக்களிடம் பேசிய அற்புதத்தை ஆலு இம்ரான், மர்யம் ஆகிய அத்தியாயங்களில் நாம் ஓதுகிறோம். அங்கே தொட்டிலைக் குறிக்க வரும் அரபுச் சொல் 'மஹ்து'. மனிதர்கள் வாழ்வதற்காக விரிக்கப்பட்ட பூமியைப் பற்றிப் பேசும்போதும் (20:53) அதே சொல்தான் வருகிறது. சமமாக விரிக்கப்பட்ட இடம் என்பதே அதன் அடிப்படைப் பொருள். பிறந்த குழந்தை எப்படிப்பட்ட இடத்தில் தூங்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர்களைக் கேட்டாலும் இதையேதான் முதலில் சொல்கிறார்கள்: சமமான இடம், உறுதியான படுக்கை, சுற்றிலும் வேறு எதுவும் இருக்கக் கூடாது.

நம் சதுரங்கப்பட்டினம் ஒரு காலத்தில் மெல்லிய மஸ்லின் துணிக்குப் பெயர் பெற்ற ஊர். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்ததும் அந்தத் துணிக்காகத்தான். இன்றும் சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம், திருக்கழுக்குன்றம் பகுதிகளில் பல பிள்ளைகளின் முதல் தொட்டில் உத்தரத்தில் கட்டிய பழைய பருத்திப் புடவைதான். இப்போது ஸ்பிரிங் தொட்டில், மரத்தொட்டில், ஆன்லைனில் வரும் பேபி காட், வளைகுடாவிலிருந்து உறவினர் அனுப்பும் மடக்குக் கட்டில் என்று பல வகைகள் வந்துவிட்டன. எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தூளி

தூளியைக் குறை சொன்னால் வீட்டுப் பெரியவர்களுக்கு வருத்தம் வரும். அவர்கள் வளர்த்த பிள்ளைகள் எல்லாம் அதில் தூங்கியவர்கள்தானே! அழும் குழந்தையைத் தணிக்கத் தூளி உதவுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. அவற்றை மறைக்கக் கூடாது.

ஒன்று, தூளியில் குழந்தையின் முதுகு வளைகிறது. கழுத்து உறுதிப்படாத முதல் மாதங்களில் தாடை நெஞ்சில் போய் முட்டினால் மூச்சுக்குழாய் ஒடுங்கிவிடும். குழந்தை அழாது, திமிறாது. சத்தமே இல்லாமல் மூச்சுத் திணறல் ஏற்படும். துணி முகத்தில் படிந்தாலும் அதைத் தள்ளிவிட அதற்குப் பலம் கிடையாது.

இரண்டாவது ஆபத்து கைக்குழந்தைக்கு அல்ல, அதன் அண்ணனுக்கும் அக்காவுக்கும். குழந்தையை எடுத்த பிறகு தொங்கிக்கொண்டிருக்கும் புடவையில் பெரிய பிள்ளைகள் ஊஞ்சல் ஆடுகிறார்கள், சுற்றிச் சுற்றி முறுக்கி விளையாடுகிறார்கள். முறுக்கிய துணி கழுத்தை இறுக்கினால் சில நொடிகளில் நினைவு போய்விடும், குரல் எழுப்பக்கூட முடியாது. இப்படி நடந்த இறப்புகள் இந்திய மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தமிழ் நாளிதழ்களிலும் இத்தகைய செய்தியை நாம் அவ்வப்போது படிக்கிறோம். அன்று அந்த வீட்டிலும் தாய் சமையலறையில்தான் இருந்திருப்பார்.

ஆகவே தூளி கட்டினால் இந்த ஒழுங்குகளைக் கடைப்பிடியுங்கள்:

- விழித்திருக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் தூளி. இரவுத் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம். தூங்கிய குழந்தையைச் சமமான படுக்கைக்கு மாற்றுங்கள்.
- தரையிலிருந்து ஓர் அடிக்கு மேல் உயர்த்திக் கட்டாதீர்கள். கீழே கனமான ஜமுக்காளம் விரித்து வையுங்கள்.
- குழந்தையை எடுத்ததும் துணியைச் சுருட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் முடிந்துவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.
- கொக்கியை மாதம் ஒருமுறை பாருங்கள். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்பை உள்ளுக்குள் அரித்துவிடும். மேலே பெயின்ட் பளபளப்பாக இருப்பதை நம்ப முடியாது.
- குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ முயன்றால் தூளியை நிறுத்திவிடுங்கள்.

ஸ்டாண்டில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டிலுக்கும் இதே ஒழுங்குகள்தான். அதுவும் வளைந்த படுக்கையே. கூடுதலாக, ஸ்பிரிங்கின் இடுக்கில் பெரிய பிள்ளைகளின் விரல் நசுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேபி காட் வாங்கும்போது அளந்து பார்க்க வேண்டியவை

கடைக்குப் போகும்போது ஓர் அளவு நாடாவைக் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் சொல்லும் விளக்கத்தைவிட அது நம்பகமானது.

*கம்பிகளின் இடைவெளி.* பக்கவாட்டுக் கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. குழந்தையின் உடல் நுழைந்துவிடும் இடைவெளியில் தலை நுழையாது. உடல் வெளியே தொங்க, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்காவில் 1970களிலேயே இந்த அளவு விதியாக்கப்பட்டது. நம் பழைய மரத்தொட்டில்கள் பலவற்றில் கடைசல் கட்டைகள் அகல இடைவெளியில் இருக்கும். தாத்தா காலத்துத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கும் முன் அளந்துவிடுங்கள்.

*மெத்தைக்கும் ஓரத்துக்கும் நடுவே.* இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மேல் இடம் இருந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். குழந்தையின் முகம் அந்தச் சந்தில் புதைந்துவிடலாம்.

*மெத்தையின் உறுதி.* உள்ளங்கையால் அழுத்தி எடுங்கள். கை பதிந்த பள்ளம் அப்படியே நின்றால் அது வேண்டாம். இலவம் பஞ்சு மெத்தை நமக்குச் சுகம், பிறந்த குழந்தைக்கு ஆபத்து. கெட்டியான தேங்காய் நார் மெத்தை நல்லது.

*இறங்கும் பக்கம்.* ஒரு பக்கத் தடுப்பு மேலும் கீழும் இறங்கி ஏறும் வகைக் கட்டில்களை வாங்காதீர்கள். அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு குறைந்தது 32 குழந்தைகளின் இறப்புக்கு இத்தகைய கட்டில்கள் காரணமானதால் 28 ஜூன் 2011 முதல் அவற்றின் விற்பனைக்கே தடை விதிக்கப்பட்டது. உறவினர் வீட்டில் பயன்படுத்திய பழைய கட்டில் இலவசமாக வந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்.

*ஆழம்.* குழந்தை உட்காரத் தொடங்கியதும் மெத்தையைக் கீழ்மட்டத்துக்கு இறக்கும் வசதி வேண்டும். பிடித்து எழுந்து நிற்கும் பிள்ளை தாழ்வான தடுப்பைத் தாண்டித் தலைகுப்புற விழும். உயரம் 90 செ.மீ.யை நெருங்கினாலோ ஏறித் தாண்ட முயன்றாலோ, கட்டிலை விட்டுத் தரைப் படுக்கைக்கு மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

*ஆணி, திருகு, பெயின்ட்.* ஆட்டிப் பார்த்தால் கட்டில் ஆடக் கூடாது, துருத்திக்கொண்டிருக்கும் ஆணியோ சிராயோ இருக்கக் கூடாது. பல் முளைக்கும் பருவத்தில் பிள்ளை மரத்தைக் கடிக்கும் என்பதால் பெயின்ட் முக்கியம். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பெயின்ட் அடித்த தொட்டிலில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உரிந்துகொண்டிருக்கும் பழைய பெயின்ட் உள்ள தொட்டிலைத் தவிர்த்துவிடுங்கள்.

ஊரில் உள்ள ஆசாரியிடம் செய்யச் சொன்னால் மெத்தை அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம் எளிதில் கிடைக்கும் அளவு. கம்பி இடைவெளியைத் தாளில் எழுதிக் கொடுங்கள். மூலைக் கால்களில் குமிழ் அலங்காரம் வேண்டாம். சட்டைக் கழுத்தோ கயிறோ அதில் மாட்டிக்கொள்ளும்.

தொட்டிலுக்குள் என்ன இருக்க வேண்டும்?

குழந்தையும், இறுக்கமாக விரித்த ஒரு துணியும் மட்டும் போதும். தலையணை, கடுகுத் தலையணை, கனத்த போர்வை, பஞ்சு பொம்மை, கம்பிகளைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பு எதுவும் வேண்டாம். அந்தப் பஞ்சுத் தடுப்பையும், பத்து டிகிரிக்கு மேல் சாய்ந்த படுக்கைகளையும் அமெரிக்கா 2022இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. நம் ஆன்லைன் கடைகளில் இவை இன்னும் அழகான படங்களோடு விற்பனைக்கு இருக்கின்றன.

கடுகுத் தலையணை இல்லாவிட்டால் தலை சப்பையாகிவிடுமே என்பார்கள். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, குழந்தையைச் சிறிது சிறிது நேரம் குப்புறப் படுக்க வையுங்கள். தலைக்கும் நல்லது, கழுத்துக்கும் பலம்.

தூங்கும்போது எப்போதும் மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். பால் கக்கினால் புரையேறுமே என்ற பயம் பலருக்கு இருக்கிறது. மல்லாந்திருக்கும்போது மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு மேலே இருக்கிறது. கக்கிய பால் மேலேறிப் போவது கடினம். குப்புறப் படுத்தால் இந்த நிலை தலைகீழாகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் குழந்தைகளைக் குப்புறப் போட வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அடுத்த பத்தாண்டுகளில் அங்கே தூக்கத்தில் நிகழும் திடீர்க் குழந்தை இறப்புகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கழுத்தில் கறுப்புக் கயிறு, தாயத்து, செயின் எதுவும் வேண்டாம். தாயத்து பற்றி மார்க்கம் சொல்வதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தூங்கும் குழந்தையின் கழுத்தில் கிடக்கும் எந்தக் கயிறும், எந்த நோக்கத்தில் கட்டியிருந்தாலும், கழுத்தை இறுக்கக் கூடியதே. தொட்டிலுக்கு மேல் கட்டும் கிலுகிலுப்பையும் குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

எங்கே போடுவது?

குறைந்தது முதல் ஆறு மாதம் தாய் தூங்கும் அறையிலேயே, அவர் கைக்கு எட்டும் தூரத்தில், ஆனால் தனிப் படுக்கையில் குழந்தை தூங்குவதே நல்லது. இரவில் பால் கொடுக்கவும் வசதி. அல்குர்ஆன் (2:233) முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவது பற்றிப் பேசுகிறது. தாய்ப்பால் தூக்கத்தில் நிகழும் திடீர் இறப்பின் அபாயத்தையும் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வீட்டில் யாராவது புகைபிடித்தால் அந்த அபாயம் கூடுகிறது. தந்தையர் கவனிக்கவும்!

தரையில் பாய் விரித்து எல்லோரும் சேர்ந்து படுக்கும் வீடுகளில் குழந்தைக்குத் தனியாக ஒரு சிறு கெட்டி மெத்தையைத் தாயின் பக்கத்தில் போடுங்கள். பெரியவர்களின் தலையணையும் போர்வையும் அதன் எல்லைக்குள் வரக் கூடாது. அதே பாயில் இருவருக்கு நடுவிலோ, சோபாவிலோ குழந்தையைப் படுக்க வைப்பதுதான் ஆபத்து.

ஜன்னல் திரைக் கயிறு, செல்போன் சார்ஜர் ஒயர், சுவிட்ச் போர்டு ஆகியவற்றிலிருந்து தொட்டில் தள்ளி இருக்கட்டும். நம் பக்கத்துக் கொசுவுக்கு வலை அவசியம். தளர்ந்து முகத்தில் விழாத, கம்பி வைத்த குடை வலை நல்லது. கொசுவர்த்திச் சுருளைத் தொட்டிலடியில் வைக்காதீர்கள். புகையும் கெடுதல், நெருப்பும் ஆபத்து. இரவில் தூங்கும் முன் விளக்குகளை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் காரணமும் நெருப்பு பற்றிய எச்சரிக்கைதான். கோடையில் தொப்பியும் கையுறையும் மாட்டித் தூங்க வைக்க வேண்டாம், உடல் சூடு தலை வழியாகவே அதிகம் வெளியேற வேண்டியிருக்கிறது.

விலை உயர்ந்ததுதான் பாதுகாப்பா?

இல்லை. பின்லாந்து நாட்டில் 1938 முதல் அரசு தாய்மார்களுக்கு ஓர் அட்டைப் பெட்டி தருகிறது. குழந்தைக்கான துணிகளோடு ஒரு சிறு மெத்தையும் அதில் இருக்கும். பெட்டியே குழந்தையின் முதல் படுக்கையாகிவிடும். நம் தமிழக அரசும் அரசு மருத்துவமனைகளில் பிரசவிக்கும் தாய்மார்களுக்கு 2015இல் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கான படுக்கையையும் கொசுவலையையும் சேர்த்தது. சமமான கெட்டிப் படுக்கையும் ஒரு வலையும் இருந்தால் முதல் சில மாதங்களுக்கு வேறு தொட்டிலே தேவையில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது போன்ற ஒரு இரவில், கையில் எடுத்துக்கொண்டு கிளம்பவும் அதுதான் எளிது.

தாய்வீட்டுச் சீராகத் தேக்குத் தொட்டில்தான் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும். கடன் வாங்கிச் செய்த வேலைப்பாடுள்ள தொட்டிலின் கம்பி இடைவெளி பத்து செ.மீ. இருந்தால், அது வீண்விரயம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நாம் பல பயான்களில் கேட்டிருக்கிறோம். பிள்ளைக்காக துஆச் செய்வோம். இன்றிரவே வீட்டில் தொங்கும் தூளித் துணியையும் மேலே முடிந்து வைப்போம். நம் குழந்தைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.