விண்டோஸ் எக்ஸ்புளோரர் நீட்சிகளின் வரலாறு

விண்டோஸ் எக்ஸ்புளோரர் என்பது மைக்ரோசாப்ட் விண்டோஸ் இயக்குதளத்துடன் சேர்ந்தே வரும் கோப்பு மேலாளர் ஆகும். விண்டோஸ் 8 முதல் இது ஃபைல் எக்ஸ்புளோரர் என அழைக்கப்படுகிறது. இதில் இல்லாத வசதிகளைச் சேர்ப்பதற்காகப் பிறர் எழுதி, இதனுள்ளேயே இயங்கும் சிறு மென்பொருள்கள் நீட்சிகள் எனப்படும். எக்ஸ்புளோரரில் இன்று இயல்பாகக் காணப்படும் பல வசதிகள் முதலில் நீட்சிகளாகவே பயனர்களை வந்தடைந்தன. கணினி அடிக்கடி முடங்குவதற்கும் அதே நீட்சிகள் காரணமாக இருந்ததுண்டு.

முன்னோடி

1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0 பதிப்பில் ஃபைல் மேனேஜர் என்ற கோப்பு மேலாளர் இருந்தது. அதன் குறைகளைக் கண்ட சிலர் அதை முழுவதுமாக மாற்றிவிடும் மென்பொருள்களை எழுதினர். 1991இல் வந்த நார்ட்டன் டெஸ்க்டாப் அவ்வகையைச் சேர்ந்தது. பின்னர் ஃபைல் மேனேஜரிலேயே புதிய பட்டியல்களைச் சேர்க்க மைக்ரோசாப்ட் வழி செய்தது. 1993இல் வந்த எம்எஸ்-டாஸ் 6, நச்சுநிரல் தடுப்பு, காப்புநகல் ஆகிய கருவிகளை இவ்வழியாகவே அதில் சேர்த்தது.

விண்டோஸ் 95

1995 ஆகத்து 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. ஃபைல் மேனேஜரின் இடத்தை எக்ஸ்புளோரர் பிடித்தது. ஒரு கோப்பின் மீது வலச்சொடுக்கும்போது தோன்றும் பட்டியல், கோப்பின் பண்புகளைக் காட்டும் சாளரம், கோப்பின் படவுரு ஆகிய ஒவ்வொன்றிலும் பிற மென்பொருள்கள் தம் பங்கைச் சேர்க்க முடிந்தது. நீட்சியின் பெயரை விண்டோஸ் பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும். எக்ஸ்புளோரர் அதைத் தேடி எடுத்துத் தன்னுள் ஏற்றிக்கொள்ளும். வின்சிப் போன்ற சுருக்க மென்பொருள்கள் வலச்சொடுக்குப் பட்டியலில் இடம்பிடித்தது இவ்வாறுதான்.

நீட்சியிலிருந்து உள்ளமைந்த வசதிக்கு

மைக்ரோசாப்டில் பொறியாளராக இருந்த டேவ் பிளம்மர், தம் சொந்த நேரத்தில் விஷுவல்சிப் என்னும் நீட்சியை எழுதி விற்றார். சிப் கோப்பை ஒரு சாதாரணக் கோப்புறையைப் போலவே திறந்து பார்க்க அது உதவியது. மைக்ரோசாப்ட் அதை அவரிடமிருந்து வாங்கியது. 1998இல் பிளஸ்! 98 தொகுப்பில் இடம்பெற்ற அவ்வசதி, விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது இயக்குதளத்தின் பகுதியாகவே ஆகியிருந்தது.

புதிய பதிப்பில் பறிபோன வசதியை நீட்சி மீட்டுத் தந்ததும் உண்டு. எக்ஸ்பியில் இருந்த, ஒரு படி மேலுள்ள கோப்புறைக்குச் செல்லும் பொத்தானை விஸ்டா நீக்கிவிட்டது. 2009இல் தொடங்கிய கிளாசிக் ஷெல் என்ற இலவச மென்பொருள் அதைத் திரும்பச் சேர்த்தது. 2012இல் விண்டோஸ் 8 பதிப்பில் மைக்ரோசாப்டும் அப்பொத்தானைத் திருப்பிக் கொடுத்தது. கிளாசிக் ஷெல்லின் ஆக்கம் 2017இல் நின்றது. அதன் மூலநிரல் திறந்துவிடப்பட்டிருந்ததால், ஓப்பன்-ஷெல் என்ற பெயரில் பிறர் அதைத் தொடர்ந்தனர்.

ஒரே சாளரத்தில் பல கோப்புறைகளைத் தத்தல்களாகத் திறக்கும் வசதியைக் க்யூடிடேப்பார் முதலிய நீட்சிகள் நெடுங்காலம் தந்துவந்தன. எக்ஸ்புளோரரில் அது உள்ளமைந்த வசதியாக வந்தது 2022 அக்டோபரில்தான்.

15 இடங்களுக்கான போட்டி

ஒரு கோப்பு மாற்றப்பட்டுள்ளதா, இணையச் சேமிப்பகத்தில் ஏறிவிட்டதா என்பதைப் படவுருவின் மூலையில் சிறு குறியிட்டுக் காட்டும் நீட்சிகள் உள்ளன. நிரல் பதிப்புகளைப் பேணும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன், சேமிப்பகச் சேவைகளான டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் ஆகியவை இதைப் பயன்படுத்தின. இத்தகைய குறிகளுக்கு விண்டோஸ் ஒதுக்கியவை 15 இடங்கள் மட்டுமே. அவற்றிலும் சிலவற்றை விண்டோஸே எடுத்துக்கொள்ளும். பதிவேட்டில் அகரவரிசையில் முந்தி நிற்கும் பெயர்களுக்கே இடம் கிடைக்கும் என்பதால், சில நிறுவனங்கள் தம் நீட்சியின் பெயருக்கு முன் வெற்றிடங்களைச் சேர்த்து வரிசையில் முன்னேறின. போட்டியில் தோற்ற மென்பொருளின் குறிகள் எந்த அறிவிப்பும் இன்றி மறைந்தன. பயனரோ அம்மென்பொருள் பழுதாகிவிட்டது என்றே எண்ணினார்.

ஒரே செயலாக்கத்தின் விலை

பெரும்பாலான நீட்சிகள் தனியே இயங்குவதில்லை. எக்ஸ்புளோரரின் செயலாக்கத்துக்குள்ளேயே இயங்குகின்றன. பணிப்பட்டையையும் மேசைத்தளத்தையும் காட்டுவது அதே செயலாக்கம்தான். எனவே ஒரு நீட்சியில் உள்ள பிழை, மொத்தத் திரையையும் வெறுமையாக்கக் கூடும். மெதுவான நீட்சி ஒன்று இருந்தால், வலச்சொடுக்குப் பட்டியல் தோன்றவே சில நொடிகள் ஆகும். பயனர் குறை சொல்வது விண்டோஸை. குற்றவாளி அவர் என்றோ நிறுவி மறந்த ஒரு மென்பொருளாக இருக்கலாம். நிறுவப்பட்ட நீட்சிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக முடக்கிப் பார்க்க உதவும் ஷெல்எக்ஸ்வியூ என்ற இலவசக் கருவி இத்தேவையிலிருந்தே பரவலானது.

64 பிட்டு விண்டோஸ் பரவியபோது வேறொரு சிக்கல் எழுந்தது. 32 பிட்டுக்கு எழுதப்பட்ட நீட்சியை 64 பிட்டு எக்ஸ்புளோரர் ஏற்ற முடியாது. ஆக்குநர் கைவிட்டுவிட்ட நீட்சிகள் அத்துடன் பயனற்றுப் போயின.

விண்டோஸ் 11

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, வலச்சொடுக்குப் பட்டியலைச் சுருக்கியது. புதிய முறைப்படி எழுதப்பட்ட நீட்சிகளே அதில் நேரடியாக இடம்பெறும். பழைய முறையில் எழுதப்பட்டவை, கூடுதல் விருப்பங்களைக் காட்டும் கட்டளைக்குப் பின்னால் தள்ளப்பட்டன. பட்டியல் தெளிவாயிற்று, ஆனால் பழகிய கட்டளைக்கு ஒரு சொடுக்கு கூடியது. பழைய பட்டியலை மீண்டும் வரவழைக்கும் மென்பொருள்கள் விரைவிலேயே வந்தன. 2023இல் ஆர்ஏஆர், 7இசட் வகைச் சுருக்கக் கோப்புகளைத் திறக்கும் திறனும் எக்ஸ்புளோரரில் சேர்ந்தது. அதுவரை அதற்கு வெளி மென்பொருளே துணையாக இருந்தது.

விஷுவல்சிப் முதல் தத்தல்கள் வரை, பயனருக்கு எது தேவை என்பதை நீட்சிகளே முதலில் காட்டின. அவற்றுக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதை மட்டும் ஒவ்வொரு பதிப்பிலும் மைக்ரோசாப்டே முடிவு செய்துவருகிறது.