முதற்காட்சியும் களரியும்

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமங்களிலே கூத்து அரங்கேற்றம் ஓரிரவு நிகழ்ச்சி மாத்திரமன்று. சட்டங்கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என மாதக்கணக்கில் ஊர் கூடி உழைத்ததன் நிறைவு அது. ஆடியவரின் சுற்றத்தாரே களரியைச் சூழ்ந்திருப்பர். ஹொலிவூட்டின் முதற்காட்சி விழாவை இதனோடு ஒப்புநோக்குதல் பயனுடையது.

1939 டிசெம்பர் 15ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்து அற்லாந்தா நகரில் 'கோன் வித் த விண்ட்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அடிமைமுறையில் வாழ்ந்த தென்மாநிலப் பண்ணையாரின் வீழ்ச்சியை ஏக்கத்தோடு நோக்கிய படம் அது. மாநில ஆளுநர் விடுமுறை அறிவித்தார். முதல்நாள் நடந்த நடன விருந்தில், பத்து வயதுச் சிறுவனான மாட்டின் லூதர் கிங் தேவாலயப் பாடகர் குழுவுடன் அடிமை வேடம் பூண்டு பாடினான். படத்திலே பணிப்பெண்ணாக நடித்த ஹற்றி மக்டானியலுக்கோ, நிறவொதுக்கற் சட்டங்களினால் அவ்விழாவில் இடமிருக்கவில்லை. 1940இல் அப்பாத்திரத்துக்காகவே ஒஸ்கார் பரிசு பெற்ற முதற் கறுப்பினக் கலைஞரானார். பரிசளிப்பு மண்டபத்திலும் அவருக்குத் தனி மேசையே அளிக்கப்பட்டது.

கலை பண்டமாகும்போது அதை ஆக்கியோரின் உழைப்பு மறைக்கப்படுகிறது என்பதற்கு இது தக்க சான்று. ஆயினும், இதைக் காட்டி நமது களரியைப் புனிதப்படுத்துதல் தகாது. சாதி வேறுபாடு அங்கும் தொழிற்பட்டதுண்டு. மௌனகுருவின் 'சங்காரம்' (1969) வடமோடி ஆட்டமுறையைக் கொண்டே அவ்வேறுபாட்டை எதிர்க்க முற்பட்டமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகிறது. எந்த அரங்கேற்றத்தை ஆராயினும், அங்கு அமர்ந்திருந்தோரை மட்டுமன்றி, வெளியே நிறுத்தப்பட்டோரையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.