பாண்டுப்பிலிருந்து போரி பந்தர் வரை

பொங்கல் பானையில் கட்டிய மஞ்சள் கொத்து வாடுவதற்குள், ஜனவரித் திங்களின் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி, பம்பாய் மாநகரில் ஒரு பெரிய ஓட்டம் நிகழ்வது இன்று வழக்கமாகிவிட்டது. அன்று விடிவதற்கு நெடுநேரம் முன்னரே பாண்டுப் இரயில் நிலையத்து நடைமேடையில் ஒரு புதுமையான கூட்டத்தைக் காணலாம். மார்பில் எண் பொறித்த சீட்டு, காலில் ஓட்டத்துக்குரிய காலணி, குளிருக்கு அடக்கமாகத் தோளில் ஒரு பழைய சட்டை அல்லது போர்வை. மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் ஒலிக்கும் அக்கூட்டத்தின் ஓர் ஓரத்தில் நம் தமிழும் கேட்கும். இவ்வோட்டக்காரர்களுக்கென்று அண்மை ஆண்டுகளில் அதிகாலைச் சிறப்பு வண்டிகளும் விடப்பட்டுள்ளன.

பாண்டுப்பிலிருந்து அவர்கள் வண்டியேறுவதில் சரித்திரப் பொருத்தம் ஒன்று உண்டு. 1843-ஆம் ஆண்டில் பம்பாய் அரசாங்கத்தின் தலைமைப் பொறியாளர் ஜார்ஜ் கிளார்க் என்பவர் பாண்டுப்புக்கு வந்திருந்தார். பம்பாயைத் தாணாவோடும் கல்யாணோடும் இருப்புப்பாதையால் இணைக்கலாம் என்னும் எண்ணம் அவருக்கு முதன்முதல் உதித்தது இவ்வூரில்தான் என்று கூறுவர். பத்தாண்டுகள் கழித்து, 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், 14 பெட்டிகளில் ஏறத்தாழ 400 விருந்தினரை ஏற்றிக்கொண்டு போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு இந்நாட்டின் முதல் பயணிகள் இரயில் சென்றது. தூரம் 34 கிலோமீட்டர். அந்தப் போரி பந்தரில் 1878-ஆம் ஆண்டு கட்டத் தொடங்கிய மாளிகையே இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் என வழங்குகிறது. நாம் கூறவந்த ஓட்டம் தொடங்குவது அதன் வாயிலில்தான். முதல் இரயில் ஓடிய தூரத்தைக் காட்டிலும் எட்டுக் கிலோமீட்டர் கூடுதலாக மனிதர் தம் கால்களால் ஓடுகின்றனர்.

42.195 கிலோமீட்டர் என்னும் இந்த விந்தையான கணக்கு எங்கிருந்து வந்தது? கி.மு. 490-இல் கிரேக்க நாட்டு மராத்தான் வெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். வெற்றிச் செய்தியை ஓடிச்சென்று உரைத்துவிட்டு ஒரு தூதன் உயிர்நீத்தான் என்பது பிற்காலத்தார் சொன்ன கதை. காலத்தால் முந்திய ஆசிரியரான ஹெரடோட்டஸ் கூறுவதோ, பிடிப்பிடிஸ் என்பவன் உதவி வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான் என்பதே. கதை எவ்வாறாயினும், 1896-ஆம் ஆண்டு ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது மராத்தான் ஓட்டமும் பிறந்தது. ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர் வென்றார். 1908-இல் இலண்டனில், விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பத்தார் அமர்ந்த இடத்துக்கு முன்னே முடியுமாறு வழி வகுத்தனர். அந்த அளவையே 1921-ஆம் ஆண்டில் நிலையான அளவாக ஏற்றுக்கொண்டனர்.

செய்தி சுமந்து ஓடுவது நமக்கும் புதிதன்று. திருவிதாங்கூர் அரசில் மணி கட்டிய கோலை ஏந்தி அஞ்சல் பையுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரரைப் பற்றி, குமரி நாட்டிலிருந்து இங்கு வந்த குடும்பத்தார் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருக்கக்கூடும். பந்தயமாக ஓடிய கதையும் இந்த மேற்குக் கரைக்கு அருகிலேயே தொடங்குகிறது. 1919-ஆம் ஆண்டில் பூனாவில் டெக்கான் ஜிம்கானா நடத்திய போட்டிகளில் உழவர் மக்கள் வெறுங்காலுடன் ஓடியதைக் கண்டு வியந்த சர் தோராப்ஜி டாட்டா, அடுத்த ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு ஒரு குழுவை அனுப்பத் துணைநின்றார். அங்கே, குளிரும் தூறலும் கலந்த ஒரு நாளில், பெல்காம் பகுதியைச் சேர்ந்த படேப்பா சௌகுலே மராத்தானை ஓடி 19-ஆவதாக வந்தார். 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் சோட்டா சிங் மராத்தான் தங்கம் பெற்றார். 1976-இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் சிவநாத் சிங் 11-ஆம் இடம் பெற்றார். 1978-இல் ஜலந்தரில் அவர் நிறுவிய 2 மணி 12 நிமிடம் என்னும் தேசியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக முறியாது நின்றது. தமிழ்நாட்டிலும் நெடுந்தூர ஓட்டத்துக்குக் குறைவில்லை. புதுக்கோட்டைச் சீமையின் கோ. லட்சுமணன் 2017-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றார்.

இவர்களெல்லாம் தேர்ந்த வீரர்கள். எளிய மக்கள் திரளாக ஓடும் வழக்கமோ மிகப் பிந்தியது. பாஸ்டன் நகரின் முதல் மராத்தானில், 1897-இல், ஓடத் தொடங்கியவர் 15 பேர். 1970-இல் நியூயார்க்கின் முதல் ஓட்டத்தில் 127 பேர்; முடித்தவர் 55 பேரே. 1967-ஆம் ஆண்டு பாஸ்டனில், பனித்தூறல் விழுந்த ஒரு நாளில், காத்ரீன் சுவிட்சர் என்னும் மங்கை எண் சீட்டுடன் ஓடியபோது போட்டி அலுவலர் ஒருவர் அவரைப் பிடித்திழுக்க முயன்றார். அவர் நில்லாமல் ஓடி முடித்தார். பெண்களுக்கு ஒலிம்பிக் மராத்தான் 1984-இல்தான் கிட்டியது. பம்பாயின் ஓட்டம் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிற்று. முழு ஓட்டம், அரை ஓட்டம், சிறு ஓட்டம், முதியோர் ஓட்டம், உடற்குறையுடையோர் ஓட்டம் எனப் பலவும் சேர்ந்து, இப்போது ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கு கொள்கின்றனர்.

ஜனவரியைத் தேர்ந்தது ஏன்? ஓடுகின்ற உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கே ஓட்டமாகிறது, எஞ்சியது வெப்பமாகிறது. வியர்வை உலர்ந்தால்தான் அவ்வெப்பம் நீங்கும். கடற்காற்றின் ஈரத்தில் வியர்வை எளிதில் உலராது. 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் கடும் வெயிலில் ஓடி விழுந்த போர்ச்சுகல் வீரர் பிரான்சிஸ்கோ இலாசரோ மறுநாள் மாண்டார். ஆதலின் பம்பாயில் குளிர் நமக்குப் பகையன்று, துணை. 1962-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள் சாந்தாகுரூசில் 7.4 பாகை வரை வெப்பநிலை இறங்கியதுண்டு. அத்தகைய நாட்கள் அரியவை. காட்டையும் ஏரிகளையும் அடுத்துள்ள பாண்டுப் பக்கத்தில் தென்கோடிக் கொலாபாவைவிடச் சற்று மிகுதியாகவே குளிரை உணரலாம்.

ஆயினும் துணையும் எல்லை மீறினால் பகையாகும். 2021-ஆம் ஆண்டு மே மாதம் சீனத்தின் கான்சு மாகாணத்து மலைப்பகுதியில் நடந்த 100 கிலோமீட்டர் ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் உறைகாற்றும் வீச, 21 பேர் உடல் குளிர்ந்து இறந்தனர். ஓடும்போது தெரியாத குளிர், நின்றபின் நனைந்த உடையின் வழியே உடலைப் பற்றும். காத்திருக்கையில் போர்த்துவதற்கு ஒரு பழைய உடுப்பும், முடித்தவுடன் மாற்றுவதற்கு ஓர் உலர்ந்த சட்டையும் கொண்டு செல்லுமாறு பட்டறிந்தோர் கூறுவது இதனாலேயே.

நெரிசலுக்கும் ஒரு முறை உண்டு. வேகத்துக்கேற்பக் கூட்டத்தைப் பிரித்துத் தனித்தனி அடைப்புகளில் நிறுத்துகின்றனர். ஓடுபவர் அணிந்திருக்கும் சிறு மின்பொறி, அவர் தொடக்கக் கோட்டைத் தாண்டும் நொடியிலிருந்தே அவருடைய காலத்தைக் கணிக்கிறது. ஆகவே பின்னால் நிற்பவருக்கு நட்டம் ஏதுமில்லை. முந்திச் செல்லும் ஆசையால் இடமும் வலமும் வளைந்து ஓடுபவர் தூரத்தைக் கூட்டிக்கொள்வதோடு பிறர் காலிலும் இடறுகிறார். முதல் சில கிலோமீட்டர் கூட்டத்தின் நடைக்கு இசைந்து செல்வதே அறிவு.

மெரைன் டிரைவ், ஹாஜி அலி, வொர்லி, கடற்பாலம் எனச் செல்லும் பாதை மாகிமைத் தொடும்போது தாராவி கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தோல் பதனிடும் தொழிலுக்கென நெல்லைச் சீமையிலிருந்து தாராவிக்கு வந்தவர்கள், கணக்கும் தட்டச்சும் கற்று மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறியவர்கள், ஆலைகள் பெருகிய பின் பாண்டுப்புக்கு வந்தவர்கள் என நம் வரலாறு இந்நகரில் பல தெருக்களில் எழுதப்பட்டுள்ளது. தென்னாட்டார் வேலைகளைப் பற்றிக்கொண்டனர் என்னும் கிளர்ச்சி 1960-களின் பிற்பகுதியில் இங்கே எழுந்ததையும், தென்னிந்திய உணவகங்கள் தாக்கப்பட்டதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் வீதியில் உரக்கத் தமிழ் பேச அஞ்சிய குடும்பங்கள் உண்டு. இன்று அதே நகரில், களைத்து நடக்கும் ஓட்டக்காரரைப் பார்த்து, முன்பின் அறியாத மராத்தி மூதாட்டி ஒருவர் கைதட்டி ஆரஞ்சுச் சுளை நீட்டும்போது, எந்த ஊர் என்று எவரும் வினவுவதில்லை.

இதனால் எல்லாம் சமமாயிற்று என்று கொள்ளலாகாது. ஓடுவதற்குக் கட்டணம் உண்டு. நல்ல காலணிக்கு விலை உண்டு. ஞாயிறன்றும் வேலைக்குச் செல்பவர்க்கு ஓட ஓய்வில்லை. ஓட்டம் முடிந்த வீதியைப் பெருக்குவோர் மார்பில் எண் சீட்டு இல்லை. எனினும், பிழைப்புக்காக ஓடி வந்த ஒரு மக்கள், பிழைப்பை மறந்து ஒரு காலைப்பொழுதேனும் மகிழ்ச்சிக்காக ஓடுவது சிறிய செய்தியன்று. வந்த இடத்தை ஊர் என்று கருதத் தொடங்கியவரே அங்ஙனம் ஓடுவர்.

நண்பகலில் அவர்கள் கழுத்தில் பதக்கம் தொங்க, படியேற இயலாத கால்களோடு, வந்த வழியே பாண்டுப்புக்கு வண்டியேறுகின்றனர். நெரிசலில் எவரேனும் எழுந்து இடம் தருவர். பம்பாய் இரயிலில் அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை.