ஆத்துல விழுந்த மரம் குப்பையா?

கன்னிவாடி பக்கத்து கீழ்ப்பழனி மலையிலிருந்து இறங்குது குடகனாறு. மழை பெய்தால் ஓடும், மத்த நேரம் மணல்தான். கரையில நிற்கிற மரம் உள்ளே சாய்ஞ்சா நம்ம முதல் யோசனை, ஜேசிபியைக் கூப்பிடு.

இதே மனநிலை அமெரிக்காவில் என்ன செஞ்சதுன்னு பார்ப்போம். அங்கே ரெட் ரிவரில் நூறு மைலுக்கும் மேலே கட்டைகள் அடைஞ்சு கிடந்தன. 1833-ல் ஹென்றி ஷ்ரீவ் நீராவிப் படகோடு வந்து அஞ்சு வருஷத்தில் வழி வெட்டினார். மறுபடியும் அடைச்சது. முழுசா எடுத்து முடிக்க 1873 ஆச்சு! இன்னொரு பக்கம், மரத்தைப் பல்லால சாய்ச்சு அணை கட்டுற பீவர்களைத் தொப்பி வியாபாரத்துக்காக வேட்டையாடித் தீர்த்தாங்க.

தண்ணி கட்டையில் மோதினால் பக்கத்து மணலைக் குடைந்து மடுவாக்கும், பின்னாடி வண்டல் தேங்கும், நிழலில் மீன் ஒதுங்கும். அதெல்லாம் போனதும்தான் புரிஞ்சது. இப்போ அதே நாட்டு இன்ஜினியர்கள் செலவு பண்ணி ஆறுகளில் கட்டையைத் திரும்பப் போடுறாங்க. நம்ம பாஷையில ரோல்பேக்.

"அப்போ சீமைக்கருவேலத்தையும் விட்டுடலாமா?" அது வேற கேஸ். ஆற்றுக்குள்ளேயே வேர்விட்டு அடர்ந்து வெள்ளத்தின் வழியை மறிக்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே அகற்றச் சொல்லுச்சு. 1977 வெள்ளத்தில் வேடசந்தூர் பக்கம் அணையே உடைஞ்ச ஆறு இது, பயம் நியாயம்தான்.

ஆனா அதோடு சேர்த்து, விழுந்து கிடக்கிற மருதமரத்தையும் ஏன் அள்ளணும்? கோடையில் மீனுக்கு மிஞ்சுற தண்ணி அதுக்கு அடியில இருக்கிற மடுவில்தான்.