வெள்ளை நாற்காலி பிறந்த கதை

2025 ஜனவரியில் போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னி வெளியிட்ட இசைத்தொகுப்பின் அட்டையில் ஆளே இல்லை. வாழை மரங்கள், புல்தரை, இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பெயரை மறைத்துவிட்டுக் காட்டினால் கும்பகோணத்துக் கொல்லைப்புறம் என்று சத்தியமே செய்வோம். இந்த நாற்காலியை வைத்து ஒரு படம் எந்த ஊர், எந்தக் காலம் என்று கண்டுபிடிக்கவே முடியாது என்று அமெரிக்க ஆய்வாளர் ஈதன் சக்கர்மேன் 2011-லேயே எழுதியிருந்தார்.

ஆணி, மூட்டு எதுவுமின்றி ஒரே வார்ப்பாக வருவதால் இதை ‘மோனோபிளாக்’ என்கிறார்கள். 1946-ல் கனடாவில் டி.சி. சிம்ப்சன் இதற்கு ஒரு மாதிரி வடிவமைத்தார். அது சந்தைக்கு வரவில்லை. 1960-களில் இத்தாலியின் ஜோ கொலம்போவும் ஜெர்மனியின் ஹெல்முட் பேட்ஸ்னரும் செய்த நாற்காலிகள் வசதியானவர்கள் வீட்டுக்குப் போயின. 1972-ல் பிரான்சின் ஆன்ரி மாசொன்னே, ஒரு நாற்காலி வார்க்கும் நேரத்தை இரண்டு நிமிடத்துக்கும் கீழே கொண்டுவந்தார். திருப்பம் அதுதான். 1980-களில் அதே நாட்டின் குரோஸ்ஃபிலெக்ஸ் நிறுவனம் மலிவான தோட்ட நாற்காலியாக இதைப் பரப்பியது.

பாலிப்ரோப்பிலீன் குருணையைச் சுமார் 220 டிகிரியில் உருக்கி, அழுத்தி அச்சுக்குள் செலுத்துகிறார்கள். முதுகில் இருக்கும் நீளத் துளைகள் அழகுக்காக மட்டுமல்ல. பிளாஸ்டிக் மிச்சம், மழைத் தண்ணீரும் தேங்காது. கால்களை மடிப்பாக வளைத்திருப்பதால் மெல்லிய தகடே ஆளைத் தாங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். செலவெல்லாம் அச்சுக்குத்தான். அச்சு கையில் இருந்தால் எந்த ஊரிலும் தொழில் தொடங்கலாம். பணக்கார நாடுகளில் ஓடித் தேய்ந்த அச்சுகள் ஏழை நாடுகளுக்கு விற்கப்பட்டன. உலகமயம் என்றதும் நமக்குக் கப்பலும் சரக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. இங்கே ஊர் ஊராகப் போனது அச்சு. நம் பந்தலில் கிடக்கும் நாற்காலி பெரும்பாலும் இந்தியாவில் வார்த்ததுதான்.

எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. நகரின் அழகு கெடுகிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசெல், 2008 முதல் 2017 வரை பொது இடங்களில் இதைத் தடை செய்தது. தடை விலகிய அதே 2017-ல், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜெர்மனியின் வைல் அம் ரைனில் விட்ரா வடிவமைப்பு அருங்காட்சியகம் இதற்கென்றே கண்காட்சி வைத்தது. நல்ல வேடிக்கை!

நாற்காலி ஊரைச் சொல்லாது, சரி. அதற்கு மனிதர்கள் செய்வது சொல்லும். புகைப்படத்தைச் சமூகவியல் கேள்விகளோடு பார்க்க வேண்டும் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் 1974-ல் எழுதினார். அப்படிப் பார்த்தால், முதுகில் வாடகைக் கடைக்காரர் பெயின்டால் எழுதிய பெயர், ஒடிந்த காலில் சுற்றிய கம்பி, மேடையில் சோபாவும் கீழே பிளாஸ்டிக்குமாகப் பிரித்துப் போட்ட வரிசை எல்லாமே பேசும். இவ்வளவு மலிந்துபோன பொருளில் உட்கார முடியாமல் போவதற்குக் காசு காரணமாக இருக்க முடியாது. 2020-ல் கடலூர் மாவட்டம் தெற்குதிட்டையிலிருந்து ஒரு படம் வெளியானது. ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்ந்திருந்தார். படம் பரவிய பிறகுதான் வழக்குப் பதிவானது. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.