மற்போர் மேடையில் மங்கையர்

கிங் காங், தாரா சிங் என்ற பெயர்களைக் கேட்டாலே நம் வீட்டுப் பெரியவர்களின் முகம் மலரும். ஆனால், பெண்களும் மற்போர் செய்து உலகப் பட்டம் சூடியிருக்கிறார்கள் என்றால், "அப்படியும் உண்டா?" என்பார்கள். உண்டு. அப்பட்டம் அமெரிக்காவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற கதையை இன்று காண்போம்.

மில்ட்ரெட் பர்க் 1915ஆம் ஆண்டு அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தவர். உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தவர். பில்லி உல்ஃப் என்பவரிடம் மற்போர் கற்று, ஊர் ஊராகச் செல்லும் கேளிக்கைச் சந்தைகளில் ஆண்களோடு மோதினார். அவரைத் தோற்கடிக்கும் ஆணுக்கு 25 டாலர் பரிசு என்று அறிவிப்பார்கள். அந்தப் பணத்தை வாங்கிச் சென்றவர் மிக அரிது! 1937இல் கிளாரா மார்ட்டென்சனை வென்று உலகப் பட்டம் பெற்றார்.

தொழில்முறை மற்போரில் வெல்பவர் யார் என்பதை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே முடிவு செய்வது வழக்கம். விழும் அடி உடம்புக்கு மெய்தான். முடிவு மட்டும் வேறொருவர் கையில். பர்க்கைப் பொறுத்தவரை அந்த வேறொருவர், அவர் மணந்துகொண்ட உல்ஃபே. போட்டியும் பணமும் அவர் பிடியில் இருந்தன. 1952இல் மணவாழ்க்கை முறிந்தது. பட்டத்தைப் பறிக்கும் முயற்சி தொடங்கியது.

1954 ஆகஸ்ட் 20ஆம் நாள், அட்லாண்டா நகரில் உல்ஃபின் மருமகள் ஜூன் பையர்ஸோடு பர்க் மோதினார். முன்முடிவு இல்லாத மெய்யான போட்டி அது. மூன்று சுற்றில் இரண்டை வெல்ல வேண்டும். முதற்சுற்று பையர்ஸுக்குப் போயிற்று. இரண்டாம் சுற்று முடிவின்றி நீளவே, போட்டியை நிறுத்திவிட்டார்கள். பையர்ஸே வெற்றியாளர் என்று அறிவிப்பு வந்தது. ஒரு சுற்றை இழந்தால் பட்டம் போய்விடுமா? பர்க் அதை ஏற்கவில்லை. தாமே அமைத்த சங்கத்தின் பெயரில் பட்டத்தைக் கைவிடாமல், அதே ஆண்டு நவம்பரில் ஒரு வீராங்கனைக் குழுவோடு ஜப்பானுக்குச் சென்றார். அப்போட்டிகளைப் பார்த்து ஜப்பானியப் பெண்கள் பலரும் மேடையேறினார்கள்.

1968இல் அங்கு 'அனைத்து ஜப்பான் பெண்கள் மற்போர்' நிறுவனம் உருவானது. சில ஆண்டுகளில் பர்க்கின் பட்டம் அதன் தலைமைப் பட்டமாயிற்று. இணைப் போட்டிக்கும் தனிப் பட்டம் வைத்தார்கள். இணைப் போட்டியில் பக்கத்துக்கு இருவர். ஒருவர் மோதும்போது மற்றவர் கயிற்றுக்கு வெளியே காத்து நிற்பார். தோழி கையைத் தொட்ட பிறகே உள்ளே வரலாம். அடிபட்டுத் தவழ்ந்து வரும் தோழிக்கு எட்டி எட்டிக் கை நீட்டும் அந்தக் காட்சியே பார்ப்பவரை உருக்கிவிடும்.

1976இல் ஜாக்கி சாட்டோவும் மாக்கி உவேடாவும் 'பியூட்டி பேர்' என்ற இணையாகி அப்பட்டத்தை வென்றார்கள். மேடையிலே பாடினார்கள், பாட்டு இசைத்தட்டாகவும் வந்தது. அதுவரை ஆண்களே நிறைந்திருந்த அரங்குகளில் பள்ளி மாணவிகள் வந்து குவிந்தார்கள்.

ஆனால், நிறுவனத்தை நடத்தியவர்கள் ஆண்களே. மது, புகை, காதல் மூன்றும் வீராங்கனைகளுக்குத் தடை. வயது 25ஐ ஒட்டி ஓய்வுபெற வேண்டும் என்ற நியதியும் இருந்தது. 1979 பிப்ரவரி 27ஆம் நாள் தோக்கியோவின் புடோக்கான் அரங்கில் இவ்விருவரையே எதிரெதிராக நிறுத்தினார்கள். தோற்பவர் மேடையை விட்டே விலக வேண்டும். உவேடா தோற்றார், விலகினார். அப்போது அவருக்கு வயது 19. நம் நாட்டில் ஆறாம் படிவம் முடித்து வெளியே வரும் வயது! இதை நாம் கொடுமை என்றே சொல்வோம்.

அடுத்து வந்தவர்கள் 'கிரஷ் கேல்ஸ்' எனப்பட்ட சிகுசா நாகாயோவும் லயனஸ் அசுக்காவும். 1984இல் இணைப் பட்டம் வென்றார்கள். அவர்கள் புகழ் பியூட்டி பேரையும் விஞ்சியது. ஆயினும் 1989இல், 24 வயதில், நாகாயோ ஓய்வுபெற்றார்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. 1995இல் 'காயா ஜப்பான்' என்ற சொந்த மற்போர் நிறுவனத்தைத் தொடங்கி, தாமும் களமிறங்கினார். அப்போது அவருக்கு வயது 30. பழைய தோழி அசுக்காவும் பின்னர் அங்கு வந்து மோதினார்.