பனியடி ஏரிகளில் மாசற்ற துளையிடல்

பனியடி ஏரிகளில் மாசற்ற துளையிடல் என்பது, அண்டார்க்டிக்காவின் பனிவிரிப்புக்கு அடியில் உள்ள ஏரிகளை ஆராயத் துளையிடும்போது அவற்றின் நீரிலும் படிவிலும் வெளி நுண்ணுயிர்களோ வேதிப்பொருட்களோ கலவாதபடி கையாளப்படும் முறைகளைக் குறிக்கும். அங்கு இத்தகைய ஏரிகள் 400க்கும் மேல் அறியப்பட்டுள்ளன.

தேவை

இவ்வேரிகள் நெடுங்காலமாக வளிமண்டலத்துடன் நேரடித் தொடர்பின்றி உள்ளன. சில ஏரிகளிடையே பனிக்கு அடியில் நீர் பாய்வது 2006 இல் வெளியான ஆய்வினால் தெரியவந்தது. எனவே ஓர் ஏரியில் கலக்கும் மாசு மற்றோர் ஏரியை அடையக்கூடும். கலந்த மாசை மீண்டும் அகற்றுவது இயலாது. மேலும், துளைக்கருவியுடன் உட்சென்ற நுண்ணுயிரை ஏரியிலேயே வாழும் உயிரி எனத் தவறாகக் கருதவும் நேரிடும். ஆகவே இங்கு சூழலைக் காப்பதும் ஆய்வு முடிவின் நம்பகத்தன்மையைக் காப்பதும் ஒரே செயலாகின்றன.

விதிகள்

அண்டார்க்டிக் ஒப்பந்தத்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நெறிமுறை 1991 இல் மாட்ரிட் நகரில் கையெழுத்தாகி, 1998 இல் நடைமுறைக்கு வந்தது. சிறிய அல்லது தற்காலிகத் தாக்கத்தை விஞ்சக்கூடிய பணிகளுக்கு, அவை தொடங்கும் முன்பே விரிவான சுற்றுச்சூழல் மதிப்பீடு செய்யப்பட வேண்டும் என இது கூறுகிறது. பனியடி நீர்நிலைகளுக்கான நடத்தை விதிகள் 2011 இல் முன்வைக்கப்பட்டன. துளையிடலால் நுழையும் நுண்ணுயிர்கள், பனியில் இயல்பாக உள்ள அளவை, அதாவது மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 100 உயிரணுக்களை, மிஞ்சலாகாது என்பது அவற்றின் வழிகாட்டல் அளவாகும்.

வஸ்தோக் ஏரி

உருசியாவின் வஸ்தோக் ஆய்வு நிலையத்தின் அடியில் உள்ள இவ்வேரி, அறியப்பட்ட பனியடி ஏரிகளுள் மிகப்பெரியது. ஆழமான துளை பனியின் அழுத்தத்தால் மூடிக்கொள்ளாதிருக்க, அதில் மண்ணெண்ணெயும் ஃபிரியானும் சேர்ந்த கலவை நிரப்பப்பட்டது. இக்கலவை ஏரியில் கலந்துவிடும் என்ற அச்சத்தால், 1998 இல் 3,623 மீட்டர் ஆழத்தில் பணி நிறுத்தப்பட்டது. அப்போது ஏரிக்கு ஏறத்தாழ 130 மீட்டரே எஞ்சியிருந்தது.

பின்னர் துளையில் உள்ள நீர்மத்தின் அழுத்தத்தை ஏரியின் அழுத்தத்தைவிடக் குறைவாக வைக்கும் முறை வகுக்கப்பட்டது. இதனால் நீர்மம் கீழிறங்காமல், ஏரிநீர் மேலேறித் துளையிலேயே உறையும். 2012 பெப்ரவரி 5 அன்று 3,769 மீட்டர் ஆழத்தில் ஏரி எட்டப்பட்டபோது நீர் அவ்வாறே மேலேறியது. ஆயினும் மேலேறிய நீர் மண்ணெண்ணெயுடன் கலந்தமையால், அந்த மாதிரிகளில் காணப்பட்ட நுண்ணுயிர்களின் மூலம் குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்தது.

வெந்நீர்த் துளையிடல்

இம்முறையில் பனியை உருக்கிப் பெற்ற நீரையே சூடாக்கி, உயர் அழுத்தத்தில் பாய்ச்சித் துளையிடுவர். எண்ணெய் நீர்மம் தேவையில்லை. ஐக்கிய அமெரிக்க ஆய்வுக் குழு 2013 சனவரியில் ஏறத்தாழ 800 மீட்டர் பனியைத் துளைத்து வில்லன்சு ஏரியை இவ்வாறு அடைந்தது. நீர் நுண்வடிகட்டிகள் வழியாகவும் புற ஊதாக் கதிர்கள் வழியாகவும் செலுத்தப்பட்டது. கருவிகள் ஐதரசன் பெராக்சைடினால் தூய்மை செய்யப்பட்டன. ஏரிநீரில் மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 1,30,000 உயிரணுக்கள் இருப்பது 2014 இல் வெளியிடப்பட்டது. 2018 திசம்பரில் மெர்சர் ஏரியும் இம்முறையிலேயே எட்டப்பட்டது.

வரம்புகள்

வெந்நீர்த் துளை விரைவில் மீண்டும் உறைந்துவிடும். தொடர்ச்சியான பனி உள்ளகத்தையும் அதிலிருந்து பெற இயலாது. பனி தடிக்குந்தோறும் எரிபொருள் தேவையும் மிகும். மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பனியின் கீழுள்ள எல்சுவொர்த் ஏரியை அடையப் பிரித்தானியக் குழு 2012 திசம்பரில் எடுத்த முயற்சி, முதன்மைத் துளையை அதனருகில் பனிக்குள் அமைத்த நீர்த்தேக்கத்துடன் இணைக்க முடியாமையால் கைவிடப்பட்டது.